நெஞ்சுப் படம்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

இத்தனை காலம் பேசாமல் இருந்தது போதும். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது ரோஷம் இல்லை, முட்டாள்தனம் என்று உன் அண்ணி சொல்கிறாள். அவள் சொன்னதற்காக எழுதவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமாக இல்லை என்று தெரிந்துதான் பேனாவை எடுத்தேன்.

போன வாரம் அத்தை மகள் வந்திருந்தாள். உன் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு நேராக இங்கே வந்தவள், பையைக் கீழே வைப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். "உங்க தம்பி இருமுறான் பாருங்க, பக்கத்து ரூம்ல படுத்திருந்த எனக்கு நெஞ்சு வலிச்சுது. என்னடா இதுன்னு கேட்டா, 'அது என் அலாரம் அக்கா, சாவி குடுக்காமலே அடிக்கும்'னு சிரிக்கிறான்."

உன் சிரிப்பு எனக்குத் தெரியும். அப்பா படுத்திருந்தபோதும் நீ இப்படித்தான் 'ஒன்றுமில்லை, லேசான காய்ச்சல்' என்று எழுதிக்கொண்டிருந்தாய். நான் வந்து சேர்ந்தபோது வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதை நான் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை. ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

குளிர் தொடங்கியதிலிருந்து இருமுகிறாயாம். இவ்வளவு நாள் நிற்காத இருமலுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இது படித்தவன் திமிர் இல்லை, தெருமுனை மருந்துக் கடைக்காரனும் இதையே சொல்வான். எடுத்து, படத்தை எனக்கு அனுப்பு. இந்த ஊரில் நெஞ்சு மருத்துவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் காட்டுகிறேன்.

தொலைபேசியில் கூப்பிடாதே. பேசினால் பழையதெல்லாம் என் வாயில் வந்துவிடும். எழுது.

உன் உடம்பு தேற வேண்டும் என்று விரும்பும்,
அண்ணன்


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன். பிரித்துப் படித்தால் எனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டதாம். சிரித்துவிட்டேன். சிரித்ததில் இருமலும் வந்தது. அதை மறைக்கவில்லை.

இங்கே அனைவரும் சுகம். அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

அண்ணா, நான் வேலை செய்யும் இடத்தை நீங்கள் பார்த்ததில்லை. ரொட்டித் தொழிற்சாலையில் கலவை அறை என்றால், நாள் முழுக்க மூட்டையை அறுத்து மாவைத் தொட்டியில் கொட்டுவதுதான் வேலை. கொட்டுகிற நேரத்தில் எதிரில் நிற்பவன் முகம் தெரியாது. சாயங்காலம் வெளியே வரும்போது எல்லோருக்கும் ஒரே தலைமுடி, ஒரே வயசு. அந்த அறையில் இருமாதவன் கிடையாது. கொஞ்ச நேரம் இருமல் சத்தம் கேட்கவில்லை என்றால் மெஷின் நின்றுவிட்டதோ என்று சூப்பர்வைசர் எட்டிப் பார்ப்பார். இதற்கு இங்கே மாவு இருமல் என்று பெயர். ஆலை டாக்டரிடம் போனால், "மாவா?" என்பார். "மாவுதான் சார்" என்போம். பாட்டிலைக் கையில் கொடுத்துவிடுவார். அவ்வளவுதான் வைத்தியம்.

பீடி, சிகரெட் நான் தொட்டதில்லை. நம் குடும்பத்தில் அந்தச் சொத்து உங்களுக்கு மட்டும்தான் வந்தது.

நீங்கள் கேட்ட எக்ஸ்ரேவுக்கு நான் எங்கேயும் அலைய வேண்டாம். ரொட்டி செய்கிறவன் நெஞ்சில் டி.பி. இருக்கக் கூடாது என்று வருஷத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே வண்டி ஆலை வாசலுக்கே வரும். ஏப்ரலில் வருகிறது. நெஞ்சில் நிழல் விழுந்தவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், சம்பளம் கிடையாது. போன வருஷம் அடுப்புக்காரர் ஒருவர் அப்படிப் போனார். எப்போதோ வந்துபோன சளியின் தழும்பாம், வேறொன்றும் இல்லையாம். அதை அவர் நிரூபித்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவர் அடுப்பின் முன்னால் வேறொருவர் நின்றுகொண்டிருந்தார்.

கவலைப்படாதீர்கள். வெயில் ஏறினால் சரியாகிவிடும்.

என்றும் உங்கள்,
தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நகைச்சுவை நன்றாக இருக்கிறது. நோயாளிதான் சரியில்லை.

வெயில் ஏறினால் ஜலதோஷம் போகும். ஊரே இருமுகிறது என்பது உன் இருமலுக்குக் காரணம் ஆகிவிடாது. இதை வகுப்பில் ஒரு மாணவன் எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன். எங்கள் கல்லூரியில் அதைத்தான் இப்போது செய்ய முடியவில்லை. என்னிடம் படித்தவனைத் துறைத் தலைவராக்கி என் தலைக்கு மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். யாருக்கும் முட்டை போடக் கூடாது என்பது அவனுடைய முதல் சுற்றறிக்கை.

ஆலை டாக்டர் ஆலையின் டாக்டர். உன் டாக்டர் இல்லை. இதைப் புரிந்துகொள்ள நீ கல்லூரியை முடித்திருக்க வேண்டியதில்லை. பாதியில் விட்டவனுக்கும் புரியும்.

வண்டிக்காகக் காத்திருக்காதே. ஒரு நாள் விடுப்பு எடு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. அங்கே எடுக்கிற படம் ஆலைக்குப் போகாது, உன் கையில்தான் இருக்கும். நெஞ்சு மருத்துவரிடம் உன் பேரில் முன்பதிவு செய்துவிட்டேன். மே மாதம்தான் இடம் கிடைத்தது. அதற்குள் படம் இங்கே வந்து சேர வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். கோபத்தில் எழுதினாலும் அக்கறையில் எழுதுகிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அண்ணிக்கும் உங்களுக்கும் சுகம்தானே? இங்கே எல்லோரும் சுகம்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். பொய் சொல்லவில்லை. காலையில் வரிசையில் நின்றேன். என் முறை வருவதற்கு முன் சீட்டு தருகிற அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டார். "நாளைக்கு வாங்க" என்றார். "நாளைக்கு ஷிப்ட் இருக்குங்க" என்றேன். "அப்ப நோயை ஞாயித்துக்கிழமைக்கு வரச் சொல்லுங்க" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குள் வண்டியே வந்துவிட்டது. நிழல் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வழக்கமாகப் படத்தைக் கையில் தரமாட்டார்கள். ஆபீஸ் கிளார்க்கைக் கெஞ்சி உங்களுக்காக வாங்கினேன். இத்துடன் இருக்கிறது. மூலையில் என் எண் தெரியும். மருத்துவரிடம் காட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

இருமல் அப்படியேதான் இருக்கிறது. குரல் கொஞ்சம் கம்மியிருக்கிறது. முதுகுவலி வேறு. அது இரண்டு நாளாக மூட்டை தூக்கியதால் வந்தது. எங்கள் கிடங்கில் துருத்தி என்று ஒருவர் இருக்கிறார். கொல்லன் துருத்தி மாதிரி நெஞ்சு, அதனால் அந்தப் பெயர். லாரியிலிருந்து மூட்டை இறக்குவது அவர் வேலை. இரண்டு நாள் அவருக்குப் பதிலாக நான் தூக்க வேண்டியிருந்தது. பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தால், அவர் கீழே நின்றுகொண்டு, "என்னப்பா, மூட்டை உன்னைத் தூக்குதா?" என்கிறார்.

வேறு விசேஷம் இல்லை.

தம்பி


மே 15

தம்பிக்கு,

நலம். நேற்று நெஞ்சு மருத்துவரைப் பார்த்தேன்.

கூட்டம் நிறைந்த அறை, சுவரெல்லாம் நுரையீரல் படங்கள். உன் படத்தை விளக்குப் பெட்டியில் செருகியவர் தலையாட்டிக்கொண்டே பார்த்தார். "யாரு சார் இது?" என்றார். "என் தம்பி" என்றேன். "பயில்வானா?" என்றார். "மாவு கலக்குறவன்" என்றேன். "அருமையான நெஞ்சு சார். பாடப் புத்தகத்துல போடலாம். தூசி ஒவ்வாமைதான். வாயில வச்சு இழுக்கிற பம்ப் எழுதித் தர்றேன், வாங்கிக்கச் சொல்லுங்க." ஆளைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். "இந்தப் படத்தைப் பாத்த பிறகு ஆள் எதுக்கு?" என்றவர் மூக்கைச் சுளித்து என் சட்டைப்பையைப் பார்த்தார். "சார், படம் எடுக்க வேண்டியது உங்களுக்கு."

வெளியே வந்து ஒரு சிகரெட் பற்றவைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து உன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அண்ணிக்குக் காட்டினேன். "உங்க தம்பிக்கு உள்ளேயாவது அழகு இருக்கே" என்றாள்.

படத்தையும் மருத்துவரின் சீட்டையும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பத்திரமாக வைத்துக்கொள். இனி யாரிடம் போனாலும் முதலில் இந்தப் படத்தைக் காட்டு. பம்பை ஒழுங்காகப் பயன்படுத்து. வேலையில் மூக்குக்குத் துணி கட்டு.

அண்ணன்


ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

நாங்கள் நலம். மே மாதம் எழுதியதற்குப் பதில் இல்லை. ஜூனில் ஒரு அஞ்சலட்டை போட்டேன், அதற்கும் இல்லை. கோபம் வர வேண்டியது எனக்கு. உனக்கு என்ன வந்தது?

பம்ப் வேலை செய்கிறதா? ஒரு வரி போதும்.

அண்ணன்


ஆகஸ்ட் 20

மாமா அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. வணக்கம். அக்காவுக்கும் என் வணக்கம். நான் உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்கள் கல்யாணம் உங்களிடம் சொல்லாமல் நடந்த வருத்தம் உங்களுக்கு இருப்பது தெரியும். அதைப் பொறுத்துக்கொண்டு இதைப் படியுங்கள். எழுத வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் வேலைக்குப் போயிருக்கிற நேரத்தில் எழுதுகிறேன்.

ஜூன் மாதம் அவர் சளியில் ரத்தம் வந்தது. கைக்குட்டையைத் தானே துவைத்துக் காயப்போட்டார். என்றைக்கும் செய்யாதவர் செய்ததால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. சண்டை போட்டு சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே எக்ஸ்ரே மெஷின் ரிப்பேர். நீங்கள் அனுப்பிய படத்தை எடுத்துக் காட்டினேன். உங்கள் மருத்துவரின் சீட்டையும் காட்டினேன். "ஏப்ரல்ல இவ்வளவு சுத்தமா இருந்திருக்கு. இவ்வளவு சீக்கிரம் ரத்தம் வருதுன்னா டி.பி.யாத்தான் இருக்கும். சிகரெட் உண்டா? இல்லையா? அப்ப பயப்படாதீங்க" என்று மாத்திரை ஆரம்பித்தார்கள். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்றுதான் வந்தது. சில பேருக்கு அப்படித்தான் வரும், மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார்கள்.

இரண்டு மாதமாக விழுங்குகிறார். ஆலைக்குத் தெரியாமல் விழுங்குகிறார். இளைத்துக்கொண்டே போகிறார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். குரல் காற்றாகப் போய்விட்டது. நான் அந்தப் படத்தைக் காட்டி, நெஞ்சு சுத்தமாகத்தானே இருந்தது என்று டாக்டரிடம் சொல்லும்போதெல்லாம் உங்கள் தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

என்ன செய்வது என்று எழுதுங்கள். பக்கத்துத் தையல்கடை முகவரிக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


ஆகஸ்ட் 26

அம்மா,

உன் கடிதம் கிடைத்தது. நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

வருத்தம் கிடக்கட்டும். அதை வைத்துக்கொள்ள எனக்கு வேறு ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நீ எழுதியது சரி.

அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ. ஜன்னலைச் சாத்தினால் அங்கேயே உட்கார்ந்துகொள். புதிதாகப் படம் எடுக்கச் சொல். பழைய படத்தைக் காட்டி யாராவது சமாதானம் சொன்னால் கேட்காதே. எடுத்ததும் இரண்டு படங்களையும் இந்த ஊருக்கு வரும் பேருந்தின் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பு. நிலையத்தில் நான் நிற்பேன்.

மாமா


செப்டம்பர் 25

தம்பி,

இரண்டு படங்களும் வந்தன. இன்று காலை மருத்துவரிடம் போனேன்.

முன்பதிவு இல்லை என்று வாசலில் நிறுத்தினார்கள். சத்தம் போட்டேன். என் வயதுக்கும் வேலைக்கும் பொருந்தாத வார்த்தைகளைச் சொன்னேன். உள்ளே விட்டார்கள். புதிய படத்தை விளக்குப் பெட்டியில் வைத்தவுடனே அவர் முகம் மாறியது. வலது பக்கம், இதயத்தை ஒட்டி, ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு இருக்கிறது. எதிர்ப் பக்கத்திலும் சின்னச் சின்னதாக. "ஸ்கேன் எடுக்கணும், ஊசி போட்டு சதை எடுத்துப் பாக்கணும். ஆனா..." என்று நிறுத்தினார்.

மே மாதமே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பாடப் புத்தகம் என்றீர்களே, பயில்வான் என்றீர்களே, உங்களை யார் மருத்துவர் என்று உட்கார வைத்தது என்று கத்தினேன். அவர் ஏப்ரல் படத்தை எடுத்துப் பக்கத்தில் செருகினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, "உங்க தம்பிக்கு எப்பவாவது காறை எலும்பு உடைஞ்சுதா?" என்றார்.

பத்தாம் வகுப்பில் பள்ளி மதில் மேலிருந்து விழுந்தாய். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவன் நான். கழுத்துக்குக் கீழே அந்த எலும்பு ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒட்டிக்கொண்டது. சட்டை கழற்றினால் இன்றும் தெரியும். புதிய படத்தில் அந்த முடிச்சு அப்படியே இருக்கிறது. ஏப்ரல் படத்தில் எலும்பு கோடு போட்டதுபோல நேராக இருக்கிறது.

"உடைஞ்ச எலும்பு ஒட்டும் சார், உடையாத எலும்பா மாறாது. இது வேற ஆள்" என்றார்.

அந்தப் படத்தை ஜன்னலில் பிடித்து எத்தனை தடவை பார்த்தேன். அண்ணிக்குக் காட்டினேன். துணைப் பேராசிரியர்கள் அறையில்கூடக் காட்டினேன், என் தம்பி நெஞ்சைப் பாருங்கள் என்று.

யாருடைய நெஞ்சு அது? எழுது. என்ன எழுதினாலும் திட்டமாட்டேன்.

அண்ணன்


அக்டோபர் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். திட்டமாட்டேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

அது துருத்தியின் நெஞ்சு.

வண்டி வருகிற நாளில் எல்லோரும் தொப்பி, முகத்துணி, வெள்ளை அங்கியோடு நிற்போம். கிளார்க் எண்ணைக் கூப்பிடுவார். உள்ளே படம் எடுக்கிறவருக்கு நெஞ்சுதான் வேலை, முகம் இல்லை. பயம் இருக்கிறவன் எண்ணைக் கூப்பிட்டால் துருத்தி ஏறிவிடுவார். இந்த வருஷம் என்னையும் சேர்த்து ஆறு பேருக்கு ஏறினார். கடைசித் தடவை இறங்கும்போது, "சட்டையைக் கழட்டி மாட்டியே கை வலிக்குது, இனிமே பொத்தான் இல்லாத சட்டைதான்" என்றார். அதற்குக் கூலி, ஆளுக்கு இரண்டு நாள் அவர் மூட்டையை நாங்கள் தூக்க வேண்டும். இது பல வருஷமாக நடக்கிறது. தப்பு என்று யாரும் நினைப்பதில்லை. அடுப்புக்காரர் போன பிறகு ஆள் அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான்.

டி.பி.யாக இருந்தால் வெளியே போய் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். இது என் நினைப்பிலேயே இல்லை. புகை பிடிக்காதவனுக்கு இது வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

நீங்கள் படம் படம் என்று எழுதிக்கொண்டே இருந்தீர்கள். உங்கள் வாயை அடைக்க அதை அனுப்பினேன். ஒன்று சொல்கிறேன், நம்புவீர்களோ மாட்டீர்களோ. அருமையான நெஞ்சு என்று மருத்துவர் சொன்னதாக நீங்கள் எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது, அண்ணா. என் நெஞ்சு இல்லை என்று தெரியும். தெரிந்தும் நிம்மதியாக இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். பம்ப் வாங்கி இழுத்தேன். இருமல் குறைந்த மாதிரிகூட இருந்தது.

சதை எடுத்துப் பார்த்துவிட்டார்கள். அதுதான். எதிர்ப் பக்கமும் போய்விட்டதால் அறுக்க முடியாதாம். மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். போன வருஷமே வந்திருந்தால் என்று அந்தச் சின்ன டாக்டர் ஆரம்பித்தார். என் மனைவி வெளியே போய்விட்டாள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை ஆலைக்கு எழுதிவிடாதீர்கள். உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டு நிற்கிறவன் மனைவிக்குப் பாக்கிங்கில் இடம் தருவார்கள். ஆள் மாறாட்டம் என்று தெரிந்தால் அது போய்விடும். துருத்திக்கும் மூன்று பெண்கள். அவர் என்னைக் கெடுக்கவில்லை, உதவிதான் செய்தார்.

வருகிறேன் என்று எழுதாதீர்கள். நீங்கள் வந்து இறங்கினால் நான் போய்விட்டேன் என்று தெருவே நினைத்துக்கொள்ளும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

தம்பி


பிப்ரவரி 3

மாமா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் அக்காவும் சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தது பற்றி எழுதிய அட்டை கிடைத்தது. நீங்கள் இங்கே தங்கியிருந்தபோது அவர் சாப்பிட்ட அளவுக்கு இப்போது சாப்பிடுவதில்லை. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டியதையும், நடுநடுவே உங்கள் துறைத் தலைவரைத் திட்டியதையும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். சத்தம் வராத சிரிப்பு.

மருந்து ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். உடம்பு தாங்கவில்லை. வலிக்கு மட்டும் தருகிறார்கள். தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்குகிறார்.

நான் பாக்கிங்கில் சேர்ந்துவிட்டேன். ரொட்டியைக் காகிதத்தில் சுற்றும் வேலை. உட்கார்ந்து செய்வதுதான், கஷ்டம் இல்லை. சாயங்காலம் வந்ததும், கலவை அறையில் யார் யார் வந்தார்கள் என்று கேட்பார். எல்லோர் இருமலையும் எனக்கு இப்போது தனித்தனியாகத் தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே சொல்லிவிடுவேன்.

ஒரு விஷயம். இதை அவரிடம் நான் சொல்லவில்லை. துருத்தி அண்ணன் இருமுகிறார். ஒரு மாதமாக. ஏப்ரலில் வண்டி வருகிறது. "நீங்க முதல்ல உங்களுக்குப் படம் எடுங்கண்ணே" என்று சொல்லிப் பார்த்தேன். "எனக்கு என்னம்மா, நான் ஆறு பேருக்குச் சுத்தமான நெஞ்சு குடுத்தவன்" என்கிறார். கிடங்குக்குப் புதிதாக வந்தவர் ஒருவர் வாட்டசாட்டமாக இருக்கிறார். இந்த வருஷம் எல்லோருக்கும் அவரை ஏற்றலாம், துருத்திக்கும் அவரே ஏறட்டும் என்று பேசிக்கொள்கிறார்கள்.

எனக்கு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. உங்களிடம் சொன்னேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


பிப்ரவரி 15

ஆலை மருத்துவர் அவர்களுக்கு,

ஐயா, தாங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்றே நம்புகிறேன். உங்கள் பராமரிப்பில் இருப்பவர்கள் நலமாக இல்லை. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

ஏப்ரலில் எக்ஸ்ரே வண்டி வரும்போது தயவுசெய்து நீங்கள் அதன் படியருகே நில்லுங்கள். ஏறுகிறவர்களின் முகத்துணியை இறக்கச் சொல்லிப் பாருங்கள். உங்கள் அலுவலகத்தில் இருக்கும் சுத்தமான படங்கள் அவற்றின் மூலையிலுள்ள எண்ணுக்கு உரியவர்களின் படங்கள் அல்ல. இது எப்படி நடக்கிறது என்று விவரிக்கமாட்டேன். யார் யார் என்றும் எழுதமாட்டேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். மறுபடி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. ஏனென்றால், நான் சொன்னபடி நீங்கள் செய்தால் என்ன நடக்கும்? நிழல் உள்ளவர்கள் அகப்படுவார்கள். சம்பளமின்றி வீட்டுக்குப் போவார்கள். அவர்கள் இடத்தில் வேறு ஆட்கள் நிற்பார்கள். அடுத்த ஏப்ரலில் இன்னும் நல்ல வழி ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார்கள். செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நான் ஒரு கட்டிலருகே உட்கார்ந்து பார்த்தேன்.

ஆகவே இரண்டையும் சேர்த்துக் கேட்கிறேன். நெஞ்சில் நிழல் விழுந்தவருக்கு அது என்ன என்று தெரியும்வரை சம்பளம் கொடுங்கள். அவர் இடத்தை அவருக்கே வைத்திருங்கள். இந்த உத்தரவை எழுதி வாசலில் ஒட்டிவிட்டு, அதன் பிறகு படியருகே நில்லுங்கள். எல்லோரும் தங்கள் சொந்த நெஞ்சோடு வருவார்கள். இருமலோடு ஒருவர் வந்தால் மாவா என்று கேட்காதீர்கள். புகை பிடிக்காதவருக்கும் இந்த நோய் வருகிறது. பம்பிலும் பாட்டிலிலும் அது ஒளிந்துகொள்கிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பொருளாதாரம் கற்பிக்கிற ஒருவன் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மேலே உள்ள கடைசி வரியை அடித்துவிட்டு, இந்தக் கடிதத்தை வேறு தாளில் மறுபடி எழுத வேண்டும். என் தொழில் தெரியக் கூடாது.

இறந்துகொண்டிருப்பவர் யார் என்று தேடுவீர்கள். கலவை அறை வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள், அத்தனை பேர் இருமுகிறார்கள். அதில் யாருடைய வீட்டிலிருந்து இது வருகிறது என்று உங்களால் சொல்ல முடியாது. நான் அதை நம்பித்தான் எழுதுகிறேன். என் பெயரைப் போட்டால், உங்கள் ஆலையில் ஒருவருடைய வேலை போகும். பேச முடியாத ஒருவன் என்னிடம் கேட்ட ஒரே விஷயமும் போகும்.

பெயரில்லாத கடிதத்தை நானே எத்தனையோ முறை படிக்காமல் குப்பைக் கூடையில் போட்டிருக்கிறேன். நீங்களும் போடலாம். முகவரி இல்லை, பதிலும் வராது. நீங்கள் படித்தீர்களா, இல்லையா என்று ஏப்ரலில்கூட எனக்குத் தெரியாது.

நாளை விடுப்பு எடுத்திருக்கிறேன். எங்கள் ஊர் தபால் முத்திரை இதன் மேல் விழக் கூடாது என்பதற்காக ரயிலில் மூன்று நிலையம் தள்ளிப் போய், அங்கே உள்ள பெட்டியில், கையெழுத்துப் போடாமல் இதைச் சேர்த்துவிடப் போகிறேன்.